ஜீப் ஸ்டாண்டுச் சுவரில் அழுதவள்

ஜக்கம்மாளுக்குப் பொறாமை வேளாவேளைக்குப் பசி வருவது மாதிரி வரும். அதை அவள் மறைத்ததும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டி வந்து நின்றால், மற்றவர்கள் வாய் நிறைய "நல்லாருக்குடி" என்போம். அவள் மட்டும், "எனக்கு வயிறு எரியுது, அங்கிட்டுப் போயி நில்லு" என்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். உள்ளே புழுங்கிக்கொண்டு வெளியே இளிக்கிறவர்களோடு நான் காலம் தள்ளியிருக்கிறேன். என் நாத்தனார் ஒருத்தி போதும், வேறு சாட்சி வேண்டாம்.

போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டதும் சிலமலையிலேயே, இரண்டு தெரு தள்ளி. சின்னப் பிள்ளையில் அவள் அக்காவுக்குக் காது குத்தியபோது, உனக்கு அடுத்த வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாளா? கொல்லைப்பக்கம் போய்க் கருவேல முள்ளை ஒடித்துத் தானே குத்திக்கொண்டாள். ஒரு பக்கம் சரியாக விழுந்தது, இன்னொரு பக்கம் மேலே ஏறிவிட்டது. அதனால் கல்யாணத்திலும் சரி, சாவு வீட்டிலும் சரி, அவள் தோடு ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும்தான் தொங்கும். புருஷன் சுருளிவேல் ஜீப்பில் லோடு ஏற்றி இறக்குகிறவர். வாரத்தில் பாதி நாள் மலைமேல் எஸ்டேட்டில் கிடப்பார். பேச்சு குறைவு. இவளோடு குடித்தனம் பண்ணுகிறவருக்குப் பேச இடம் எங்கே இருந்தது என்பது வேறு விஷயம்.

நான் மூக்கம்மாள், அதே ஊர். ஜக்கம்மாளைவிட எட்டுப் பத்து வயது இளையவள். எழுபத்தொன்பது, எண்பதில் போடியில் ஏலக்காய் குடோன் ஒன்றில் அவளோடு காய் பொறுக்கினேன். பச்சை குலையாத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். மடியில் சொளகு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். கண்ணுக்கும் விரலுக்கும் சோலி இருக்கும், காது சும்மா கிடக்கும். சாயங்காலம் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். எத்தனை உதறினாலும் வாசம் மட்டும் கூடவே வரும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகத்தைப் பார்க்காமலேயே "பொறுக்குற ஆளுக எல்லாம் உள்ள போங்க" என்பார்.

சும்மா கிடந்த அந்தக் காதுகளுக்கெல்லாம் ராணியாக இருந்தவள் ஜக்கம்மாள். சினிமாக் கதை சொல்லுவாள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவள் சினிமா பார்க்க மாட்டாள் என்பதுதான் அதிசயம்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு படம் பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தின வாரமெல்லாம் அந்தப் படத்தின் போஸ்டரைப் போகும்போதும் வரும்போதும் பார்த்து, மனசுக்குள் ஒரு கதையை முடிந்து வைத்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. வெளியே வந்து சுருளிவேலிடம் சண்டை போட்டாளாம். "போஸ்டர்ல இருந்த படத்தைக் காட்டாம வேற என்னத்தையோ காட்டி ஏமாத்திட்டான்." அன்றைக்கு விட்டதுதான் தியேட்டர் வாசலை.

வெள்ளிக்கிழமை படம் மாறும். சிலமலை பஸ்ஸை விட்டு இறங்கிக் குடோனுக்கு நடக்கிற வழியில் ஜீப் ஸ்டாண்டு. மலைக்குப் போகிற ஆட்கள் ஜீப்பு நிறையட்டும் என்று குத்தவைத்திருக்கிற இடம். அங்கே ஒரு நீளச் சுவர். ஊரிலேயே பெரிய போஸ்டர் அந்தச் சுவரில்தான் ஒட்டுவார்கள். ஜக்கம்மாள் அதன் முன்னால் போய், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை இடுப்பில் ஊன்றி நிற்பாள். கோயிலில்கூட அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

எழுத்துப் படிக்கத் தெரியாதவள், போஸ்டர் படிக்க ஒரு சட்டமே வைத்திருந்தாள். "பெரிய மொகம் யாருதுன்னு பாக்காத. அது எங்கிட்டுப் பாக்குதுன்னு பாரு. அங்கதான் கதை இருக்கு" என்பாள். கீழ் மூலையில் வாயைப் பிளந்துகொண்டிருப்பவன் கோமாளி, அவன் பாதிப் படத்தில் அடி வாங்குவான். சேலையை இழுத்துப் போர்த்தியிருப்பவள் பெண்டாட்டி. ஒரு பக்கமாகப் பூ வைத்தவள் நடுவில் வந்து சேர்ந்தவள். படத்தின் பெயர் எழுத்தில் விரிசல் விட்டிருந்தால் குடும்பம் பிரியும். எழுத்தைச் சுற்றிப் பூப் போட்டிருந்தால் பாட்டு அதிகம், கதை கம்மி. பெண்ணுக்குப் பின்னால் சிவப்பு அடித்திருந்தால் அவளுக்கு நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோகும். கதாநாயகன் ரத்தக் காயத்தோடு நின்றால் பயப்பட வேண்டாம், பிழைத்துக்கொள்வான். பல் தெரியச் சிரித்தால்தான் ஆபத்து.

"ஏங்க்கா அப்படி?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"அழுதுகிட்டு இருக்கிறவனைக் கொன்னா யாருக்குடி வலிக்கும்? சிரிக்கிறவனைக் கொன்னாத்தான காசு குடுத்து வந்தவ அழுவா."

எனக்கு இப்போதும் அது சரியென்றே படுகிறது. இன்னொன்றும் சொல்லுவாள். "எந்த எடத்த வெறுசா விட்டிருக்கானோ, அங்க எதையோ ஒளிச்சு வச்சிருக்கான்." அந்த வெற்றிடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நாங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். மத்தியானத்துக்குள் முழுக் கதையும் வந்துவிடும். படத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. எங்களில் மாதம் ஒரு படம் பார்க்கிறவளே அபூர்வம்.

அவளுக்கு வலப்பக்கம் எப்போதும் அன்னக்கொடி உட்காருவாள். சிலமலையில் ஒரே தெரு, ஒரே வயது. அன்னக்கொடியின் புருஷன் மலைக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். அவள் சோறு தண்ணியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது, ஜக்கம்மாள்தான் போய்த் தலையைப் பிடித்துத் தூக்கி, வாயில் நாலு கவளம் திணித்து, திட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து குடோனில் உட்கார வைத்தாள். இதை ஜக்கம்மாள் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. அன்னக்கொடி தன் பக்கத்தில் உட்காருவது தன் கதைக்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

எண்பதாம் வருஷம் ஆடி கழிந்து சந்திரவல்லி வந்து சேர்ந்தாள். தேவாரத்துப் பெண். போடியில் வாழ்க்கைப்பட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. புருஷன் சின்னமுத்து, தியேட்டரில் போஸ்டர் ஒட்டுகிறவன். சைக்கிளில் ஏணியையும் பசை வாளியையும் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் ஊரைச் சுற்றுவானே, அவன்தான். அந்த உறவில் சந்திரவல்லிக்குப் படம் இலவசம். வெள்ளிக்கிழமை படம் மாறினால் அன்று முதல் ஆட்டத்திலேயே பார்த்துவிடுவாள்.

வந்த வாரமே வாயைத் திறந்தாள். அடடா, அதை என்னவென்று சொல்ல! வசனத்தை வசனமாகவே சொல்லுவாள். வில்லன் பேசும்போது குரல் கட்டையாகும், பாட்டு வந்தால் பாடியே விடுவாள். கதவு கிறீச்சிடுகிற சத்தம்கூட அவள் வாயில் வரும். காய் பொறுக்குகிற கை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவே மேஸ்திரி வீரையா இரண்டு தரம் வந்து செருமிவிட்டுப் போனார். மூன்றாம் தரம் வந்தவர் தானும் நின்று கேட்டார்.

ஜக்கம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. சாயங்காலம் பஸ்ஸில்தான் வெடித்தாள். "கண்ணால பாத்ததைச் சொல்றதுக்கு என்னடி கெட்டிக்காரத்தனம் வேணும்? கிளிப்பிள்ளைகூடச் சொல்லும். நேத்துப் பேஞ்ச மழையில இன்னைக்கு மொளைச்ச காளான், அதுக்கு இந்தப் பவுசு!"

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஜக்கம்மாள் வெள்ளிக்கிழமை ஒரு கதை சொல்லுவாள். சனிக்கிழமை அந்தப் பெண் வந்து, "இல்லக்கா, அவன் சாகல. கடைசில தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறான்" என்பாள். கேலியாகச் சொல்ல மாட்டாள், மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லுவாள். அதுதான் இன்னும் எரியும்.

"உனக்குக் காட்டுன படத்துல சாகல" என்பாள் ஜக்கம்மாள். எங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அன்றைக்குப் பூராவும் எங்களோடு பேச மாட்டாள்.

ஒருநாள் காலை அன்னக்கொடி உள்ளே வந்தாள். கொஞ்சநேரம் நின்றாள். பிறகு தன் சொளகை எடுத்துக்கொண்டு எதிர்வரிசையில் சந்திரவல்லிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அங்கன இருந்து பாட்டு சரியா கேக்கல" என்று பொதுவாகச் சொன்னாள். அன்று மத்தியானம் வீரையா வந்து, "என்ன ஜக்கம்மா, வெடிச்ச காயெல்லாம் பச்சையில கெடக்கு? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று சத்தம் போட்டார். இத்தனை வருஷத்தில் அவளை அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தூக்கம் போய்விட்டது. பஸ்ஸில் அன்னக்கொடி பின்னால் ஏறினால் இவள் முன்னால் போய் நிற்பாள். அன்னக்கொடிக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். ஒருநாள் அதை வைத்துக் கொண்டுவந்து, அவள் கண் எதிரிலேயே, ஒரு துண்டு தராமல் தின்று தீர்த்தாள். எதிரிக்குச் சகுனம் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். அந்தக் கருவாடு ஜக்கம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாது, இரண்டு நாள் சொறிந்துகொண்டு கிடந்தாள். "எனக்கு வயிறு எரியுது" என்று ஊருக்கே அறிவிக்கிறவள், இதை மட்டும் வாயால் சொல்லவில்லை. சொல்ல முடியாத பொறாமை ஒன்று அவளுக்கும் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் அன்னக்கொடிதான் பொறுக்க மாட்டாமல் ஒரு வழி சொன்னாள். "இந்தா, ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். வர்ற வெள்ளிக்கெழமை ஜக்கம்மா போஸ்டரைப் பாத்துச் சொல்லட்டும். சனிக்கெழமை இந்தப் பிள்ளை படத்தைப் பாத்துட்டு வந்து சொல்லட்டும். ஒத்துப்போச்சுன்னா இனி ஜக்கம்மா கதைதான் இங்க நடக்கும். ஒத்துப்போகலைன்னா இவ கதைதான். தெனம் உங்களுக்கு நடுவுல கெடந்து எனக்கு மண்டை காயுது."

"சரி" என்றாள் ஜக்கம்மாள். பந்தயத்தில் பணயம் அன்னக்கொடிதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது தூறல். பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் மூன்று பேரும் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தோம். போஸ்டர் ஈரம் காயாமல் மினுமினுத்தது. அவ்வளவு பெரிய போஸ்டர் ஒரே தாளாக வராது. இரண்டு துண்டாக வரும், சுவரில்தான் சேர்த்து ஒட்டுவார்கள்.

இடது துண்டு முழுக்க ஒரு பெண் முகம். நடுவயசுக்காரி. நெற்றியில் பொட்டு கலைந்து, கன்னத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். பின்னால் சிவப்பு. அவள் கண் வலது பக்கம் பார்க்கிறது. வலது துண்டில், அதே சிவப்பு மெல்லக் கரைந்து நீலமாகிற இடத்தில், ஊஞ்சலில் இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே சின்னதாக ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் வருகிறான். படத்தின் பெயர் வலது ஓரத்தில் பூப்போட்ட எழுத்தில் இருந்தது.

ஜக்கம்மாள் நின்றாள். வழக்கமாக முணுமுணுப்பாள், விரலால் காற்றில் எதையோ கோடு போடுவாள். அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஊஞ்சலில் சிரிக்கிறவர்களையும் அழுகிறவளையும் மாறி மாறிப் பார்த்தாள். மழை நெற்றியில் வழிந்தது, துடைக்கவில்லை. அன்னக்கொடி அவளைக் கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் விட்டுவிட்டாள்.

குடோனில் அவள் கதையை ஆரம்பித்தபோது எப்போதும் இருக்கிற தோரணை இல்லை. தலையைக் குனிந்து காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அழுகுறாளே, அவளும் ஊஞ்சல்ல ஒருத்தியும் ஒரு தெருக்காரிக. ஒரே கெணத்துல தண்ணி எடுத்தவளுக. இவளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கெடைச்சாலும் அவ தலையில பாதி தேய்ப்பா. பெறகு ஊருக்கு ஒருத்தி புதுசா வந்தா. நல்ல செவப்பி. நல்லாப் பாடுவா. இவளுக்குப் பாடத் தெரியாது. அம்புட்டுத்தான், வேற ஒரு குத்தமும் இவ செய்யல."

"சின்ன போஸ்டர்லாம் பாத்தேன், அதுல அழுகிற பொம்பளையே இல்லையே?" என்று குறுக்கே விழுந்தாள் பொன்னுமணி. போடிக்காரி, வரும் வழியில் வேறு சுவர்களைப் பார்த்திருக்கிறாள்.

"சின்னக் காகிதத்துல அழுகை கொள்ளுமாடி?" என்றாள் ஜக்கம்மாள்.

கதை மேலே போனது. அழுகிறவள் சண்டைக்குப் போகவில்லை. ஊஞ்சல் கட்டிய மரத்தின் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு தண்ணிக்குப் போனாள். ராத்திரி சோற்றை வடித்து இரண்டு தட்டு எடுத்து வைப்பாள், ஒன்றைக் கழுவாமலே திருப்பிக் கவிழ்ப்பாள். "பெரிய மொகமாப் போட்டிருக்கானே, ஏன்னு கேளுங்க. அவளைப் படத்துல யாரும் பாக்கல. யாரும் பாக்காதவளை நாமளாவது பாக்கணும்னுதான் அம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கான்." அந்த இடத்தில் பொன்னுமணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். எனக்கும் சொளகு மங்கலாகத் தெரிந்தது. சத்தமே இல்லாமல் போனதைக் கண்டு வீரையா என்னமோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. சிநேகிதி ஆற்று நடுவில் தனியாக மாட்டிக்கொண்டாள், புதியவள் அக்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். இவள்தான் இறங்கிப் போய்த் தூக்கிவந்தாள். தூக்கிவந்து கரையில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். "அதான் அந்த ஒரு சொட்டு. ஆத்துத் தண்ணியா, கண்ணீரான்னு எனக்கே வெளங்கல" என்று முடித்தாள். அன்னக்கொடி எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். சந்திரவல்லி அதுவரை ஒரு காயைக்கூடப் பொறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சந்திரவல்லி வந்து உட்கார்ந்ததும் இரண்டு வரிசையும் அவள் வாயைப் பார்த்தது. அவள் சொளகைப் பார்த்துக்கொண்டு, "படம் ஜக்கம்மாக்கா சொன்ன மாதிரிதான்" என்றாள்.

"அப்படியேவா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"அப்படியேதான்க்கா."

"வெள்ளம் வருதா?"

"வருது."

"பாட்டு?"

"இருக்கு. ரெண்டு." பாடிக் காட்டவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

தோற்றவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். ஜக்கம்மாளைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானம் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாள், சந்திரவல்லிக்கு மட்டும் இரண்டு. அதைக் கொடுத்த தினுசில் அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது. அன்னக்கொடி சோற்று வாளியோடு வந்து ஜக்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்கள்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஜக்கம்மாளுக்கு அது போதவில்லை. தன் கதை திரையில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதை அன்னக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்னக்கொடியையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கிளம்பிவிட்டாள். துணைக்கு நானும் போனேன்.

படம் ஆரம்பித்தது. அக்கா தங்கை இரண்டு பேர். ஊஞ்சல் வந்தது, மோட்டார் சைக்கிள்காரன் வந்தான். அக்காவைக் காதலிப்பதா தங்கையைக் காதலிப்பதா என்று அவனுக்குக் குழப்பம். "இனிமேத்தான் அவ வருவா" என்றாள் ஜக்கம்மாள். கோமாளி மாவு மூட்டையில் விழுந்தான். இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து, "ரெண்டாம் பாதியிலதான் வருவா. அதான் மொறை" என்றாள். நகைக்கடையில் திருட்டுப் போயிற்று, சண்டை நடந்தது. வெள்ளம் வரவில்லை, ஒரு தூறல்கூட இல்லை. அழுதவள் வரவே இல்லை. எல்லாரும் கோயிலில் வரிசையாக நின்று கும்பிட்டதோடு படம் முடிந்தது. விளக்குப் போட்ட பிறகும் ஜக்கம்மாள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தோம். வாசலில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் இந்தப் படத்தின் போஸ்டர் முழுசாக இருந்தது. இடது பக்கம் கதாநாயகன் கூலிங்கிளாஸோடு சிரிக்கிறான், வலது பக்கம் ஊஞ்சல். பக்கத்தில் 'விரைவில் வருகிறது' என்று இன்னொரு போஸ்டர். அதில்தான் அவள் இருந்தாள். அதே கலைந்த பொட்டு, அதே ஒற்றைச் சொட்டு. அவள் பார்த்துக்கொண்டிருந்த வலது பக்கத்தில் ஒரு தொட்டில், அதன்மேல் ஒரு போலீஸ் தொப்பி. போஸ்டர் படிக்கிறவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றின் பாதியையும் மற்றொன்றின் பாதியையும் சேர்த்து ஒட்டியிருக்கிறான்.

ஒட்டியவனே அங்கே நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் சின்னமுத்து பசை வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அக்கா, கும்புடுறேன்க்கா. இருட்டு, தூறல் வேற, சுருள் மாறிப்போச்சு. ரெண்டுலயும் ஓரம் செவப்பு, பொருந்திக்கிருச்சு. மேனேஜர் காதுல போட்டுறாதீங்க. முன்ன ஒருதரம் தலைகீழா ஒட்டுனதுக்கே, இன்னொரு தப்புன்னா வராதேன்னுட்டாரு. அதான் சந்திரவல்லிகிட்ட, யாரு கேட்டாலும் செவுத்துல இருக்கிற மாதிரியே சொல்லிருன்னு சொன்னேன்."

ஜக்கம்மாள் அவனை விலக்கிவிட்டு நேராக உள்வாசலுக்கு நடந்தாள். மேனேஜர் அங்கே நின்று டிக்கெட்டைக் கிழிப்பவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவள் போய் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. நான் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன்.

"என்னம்மா?" என்றார் அவர்.

ஜக்கம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அன்னக்கொடி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "படம் நல்லாருக்குன்னு சொல்ல வந்தாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒரே கத்தல். "விடுடி கையை! அந்தச் சிறுக்கி எனக்குப் பிச்சை போட்டிருக்காடி! ஐயோ பாவம் கெழவி, செயிச்சுட்டுப் போகட்டும்னு பிச்சை போட்டிருக்கா!"

"புருசன் சோலி போயிருமேன்னு பயந்து சொல்லியிருக்கா. அவென் சொன்னதை நீயுந்தான கேட்ட? அதுல நீ எங்க வந்த?" என்றாள் அன்னக்கொடி.

ஜக்கம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். இது இன்னும் மோசம். "அப்ப எனக்காகக்கூடச் சொல்லலையா அவ?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வெயில் சாய்ந்து மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. பஸ்ஸு இன்னும் வரவில்லை. ஜக்கம்மாள் மைல்கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கத்தல் எல்லாம் வடிந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சில மாதமாகச் சொல்லாததைச் சொன்னாள். "எங்கதை பொய்யாப் போச்சு. பந்தயமும் போச்சு. நாளைக்கு நீ அங்கிட்டுப் போயி உக்காந்துக்க. நான் ஒண்ணும் சொல்லல."

அன்னக்கொடி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஜக்கம்மாளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்துல அப்படி ஒருத்தி இருக்க மாட்டான்னு நீ சொல்லும்போதே எனக்குத் தெரியும்டி. ரெண்டு தட்டு எடுத்து வச்சான்னு சொன்னியே, அதை எந்தப் போஸ்டர்ல போடுவான்?"

ஜக்கம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

"கதை கேக்குறதுக்கு அவகிட்டப் போனேன். உங்கிட்ட நான் கதைக்காடி வந்தேன்?" என்றாள் அன்னக்கொடி.

இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? பக்கத்தில் நின்ற எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜக்கம்மாள் கையை நீட்டி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கண் இரண்டும் பொலபொலவென்று கொட்டியது. கொட்டி முடிக்கட்டும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறப்போகிற நேரத்தில் படியில் ஒரு காலை வைத்தபடி, கையை விடாமல், அவள் அன்னக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, அவ கதைதான் நல்லாருக்குன்னு சொல்ற?"